தெற்கு வாசல்

தலைநகரம் ஒவ்வொன்றிலும் இருவகை மனிதர்கள் நடமாடுகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து அதன் தெருக்களைப் பழக்கத்தால் கடப்பவர்கள் ஒருவகை. ஒரு வேலையின் பொருட்டு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள் மற்றொரு வகை. உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் தேர்வாணையமும் பெரிய மருத்துவமனைகளும் தலைநகரில் இருக்கின்றன. ஆகவே, மாநிலத்தின் எந்த மூலையில் வாழ்பவருக்கும் வாழ்நாளில் சில முறையேனும் தலைநகரப் பயணம் வாய்த்துவிடுகிறது. அவ்வாறு வருகிறவருக்கு நகரம் முதலில் ஒரு கேள்வியாகவே எதிர்ப்படுகிறது. எங்கே இறங்குவது? அங்கிருந்து எப்படிப் போவது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எங்கள் வீட்டின் வழக்கமான பணிகளுள் ஒன்று. நாங்கள் வாழும் கோவிலம்பாக்கம், சென்னையின் தெற்குப் புறநகரில், பரங்கிமலையையும் மேடவாக்கத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தென்மேற்கே தாம்பரம். தென்மாவட்டங்களிலிருந்து வரும் உறவினர்கள் நகரத்துக்குள் செல்லுமுன் எங்கள் வீட்டில் தங்கிக் களைப்பாறுவார்கள். நேர்காணலுக்கு வந்த இளைஞர்கள், வழக்குக்காக வந்த பெரியவர்கள், தேர்வெழுத வந்த மாணவிகள் எனப் பலருக்கும் தாளில் வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்தாள் ஒருவருக்கு மட்டும் பயன்படவில்லை. அவர் என் சித்தி.

சீர்காழிக்கு அருகிலுள்ள சிற்றூரில் தனியே வாழும் சித்திக்குக் கண்ணழுத்த நோய். கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தின் அழுத்தம் மிகும்போது பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சிதைகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. ஆதலால் நெடுங்காலம் அது வெளியே தெரிவதுமில்லை. பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும். போன பார்வை மீளாது. எஞ்சிய பார்வையைச் சொட்டு மருந்தாலும் தொடர்ந்த கண்காணிப்பாலும் காக்க இயலும். சித்திக்கு நேரே இருப்பது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. மூங்கில் குழாய் வழியே உலகத்தைப் பார்ப்பது போல இருக்கிறது என்பார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு வந்து காட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்க முடியுமா, தம்பி? நீ வேலைக்குப் போற ஆளு. எனக்கு வழியைச் சொல்லிக் கொடு. நானே போய்ட்டு வர்றேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தால் தெருவில் நின்று படிக்க இயலாத ஒருவருக்கு வழியை எவ்வாறு கற்பிப்பது? அந்த முயற்சியில் இறங்கிய பிறகுதான், நாள்தோறும் நான் கடந்து சென்ற நகரத்தை நின்று கவனிக்கத் தொடங்கினேன்.

நகர்ந்துகொண்டே போகும் வாசல்

சென்னைக்குள் நுழையும் வாசல் எக்காலத்தும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையமும் 1908இல் எழும்பூர் நிலையமும் திறக்கப்பட்டன. தஞ்சை, திருச்சி, மதுரை மக்களுக்கு எழும்பூரின் செந்நிறக் கட்டடமே சென்னையின் முகமாக விளங்கியது. பேருந்தில் வந்தவர்கள் பாரிமுனையை அடுத்த பிராட்வேயில் இறங்கினார்கள். இறங்கிச் சாலையைக் கடந்தால் உயர் நீதிமன்றம். சற்று நடந்தால் கோட்டை. வந்த வேலை, வந்து இறங்கிய இடத்திலேயே காத்திருந்தது.

நகரம் பெருகியது. வெளியூர்ப் பேருந்துகள் நகரின் நடுவே வந்து செல்வது கடினமாயிற்று. 2002ஆம் ஆண்டு கோயம்பேட்டில் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. பின்னர், தெற்கிலிருந்து வரும் பேருந்துகளுக்காக வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் அமைக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கிருந்து உயர் நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு நியாயம் உண்டு. வாசல் தள்ளிப் போகும்போது நகரத்தின் நெரிசல் குறைகிறது. அதே வேளையில், வாசலுக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் இடைப்பட்ட தொலைவு வருகிறவரின் தோளில் ஏறிவிடுகிறது. இரவெல்லாம் அமர்ந்தே வந்த உடம்புடன், விடியற்காலையில், மூட்டையும் கையுமாக அவர் மீண்டும் ஒரு பயணத்தைத் தொடங்க வேண்டும். தலைநகரத்துக்கு வருவது ஒரு பயணம். தலைநகரத்துக்குள் வருவது மற்றொரு பயணம்.

சித்தி தொடர்வண்டியையே தேர்ந்தெடுத்தார். சீர்காழியில் இரவில் ஏறினால் விடியுமுன் தாம்பரம். தாம்பரம் பயணிகளால் வளர்ந்த ஊர். 1928ஆம் ஆண்டு மருத்துவர் சவுரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தூய காற்றே மருந்தெனக் கருதப்பட்ட காலம் அது; நோயாளிகள் நகரத்தை விட்டு இங்கே வந்தார்கள். தாம்பரம் சானடோரியம் என்னும் நிலையப் பெயரில் அந்த மருத்துவமனை இன்றும் வாழ்கிறது. 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. குறுகிய இருப்புப்பாதையில் ஓடிய அந்தப் பழைய வண்டிகள் 2004ஆம் ஆண்டு ஓய்வு பெற்றன. அகலப்பாதையில் இன்று ஓடும் வண்டிகளும் அதே ஊர்களின் பெயர்களைத்தான் வரிசையாகத் தொட்டுச் செல்கின்றன.

அளந்த மண்

எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு வருவதே சித்தியின் முதற்பாடமாக அமைந்தது. அவர் நடந்தார், நான் அருகில் நடந்தேன். திருப்பம் வந்ததும் நின்று, "நூத்தி நாப்பது" என்றார். அடிகளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். மளிகைக் கடையிலிருந்து சாலை வரை இன்னும் அறுபது. தம் கண்ணால் அளக்க இயலாததைக் காலால் அளந்து மனத்தில் பதித்துக்கொண்டார்.

அவர் எண்ணிக்கொண்டு நடந்த இந்த நிலப்பரப்பு முன்பே ஒரு பெரிய அளவைக்கு இடமாக இருந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் அளவையாளர் பரங்கிமலை அருகே தம் பணியைத் தொடங்கினார். வடக்கே பரங்கிமலை, தெற்கே பெரும்பாக்கம் குன்று. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோட்டை, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி அவர் அளந்தார். வெயிலில் எஃகு விரியுமாதலால் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினார். அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து, பல்லாண்டுகளுக்குப் பிறகு இமயத்தை எட்டின. உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டது அந்தப் பேரளவையின் தொடர்ச்சியிலேதான். எங்கள் ஊர் வழியே செல்லும் பரங்கிமலை – மேடவாக்கம் சாலை ஏறத்தாழ அதே திசையில் கிடக்கிறது.

அந்தச் சாலையில் இப்பொழுது மற்றொரு பெரும்பணி நடைபெறுகிறது. மாதவரத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கும் மெட்ரோ வழித்தடம் எங்கள் ஊரின் வழியே அமைகிறது. சாலையின் நடுவே தூண்கள் எழுந்திருக்கின்றன. தடுப்புகளும் பேருந்து நிற்கும் இடமும் அவ்வப்போது மாறுகின்றன. சித்தி ஒவ்வொரு முறை வரும்போதும் அவருடைய எண்ணிக்கை பொய்த்துப் போனது. "போன தடவை அறுபது, இப்ப தொண்ணூறு. உங்க ஊரு நீளமாயிட்டே போகுது" என்று சிரித்தார். பிறகு புதிய கணக்கை மனத்தில் எழுதிக்கொண்டார்.

பேருந்தில் ஏறியதும் நடத்துநர் சித்தியிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கொடுத்தார். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். எனக்கு மட்டும் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். "பார்த்தியா, என்கூட வந்தாத்தான் உனக்குச் செலவு" என்றார் சித்தி. தனியே செல்ல வேண்டும் என்ற எண்ணத்தை அவர் விட்டுவிடவில்லை என்பதை அந்த வேடிக்கைப் பேச்சிலிருந்து அறிந்துகொண்டேன்.

ஏழாவது நிலையம்

பரங்கிமலை நிலையத்தில் ஏறினால் எழும்பூர் ஏழாவது நிலையம். கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். சித்தி விரல்களை மடக்கி எண்ணினார். எண்ணிக்கை மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. எனவே, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அடையாளம் தேடினோம்.

கிண்டியை விட்டதும் வண்டி அடையாற்றின் பாலத்தின்மேல் செல்லும். அப்போது சக்கரங்களின் ஓசை மாறும். அந்த மாற்றம் கேட்டால் அடுத்தது சைதாப்பேட்டை. மாம்பலத்தில் பெட்டியே காலியாவது போலக் கூட்டம் இறங்கும். அரங்கநாதன் தெருவின் கடைகளுக்குச் செல்பவர்கள் அவர்கள். அதன்பின் நான்கு நிலையங்கள். வண்டி பாலத்தில் ஏறியபோது சித்தி கண்களை மூடிக்கொண்டார். "கண்ணைத் திறந்து வச்சிருந்தா பார்க்கணும்னு தோணுது. மூடினா நல்லாக் கேக்குது" என்றார்.

அவருக்காக அடையாளம் தேடியபோது எனக்கே சில உண்மைகள் புலப்பட்டன. நிலையத்தின் பெயர்ப்பலகை நடைமேடையின் இரு முனைகளில் பெரிதாக இருக்கிறது; வண்டியின் நடுப்பெட்டியில் இருப்பவருக்கு அது வண்டி நின்ற பிறகு தெரிவதில்லை. படிக்கட்டின் முதற்படியும் கடைசிப் படியும் மற்றப் படிகளின் நிறத்திலேயே இருந்தால், பார்வை குறைந்தவர் தரை முடியும் இடத்தை அறிய இயலாது. அவற்றின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசியிருந்தால் அதுவே அவருக்குக் கைத்தடி. இவை அனைத்தையும் நான் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். இவை ஒருவருக்கு எவ்வளவு பெரியவை என்பதைச் சித்தியுடன் நடந்தபோதுதான் உணர்ந்தேன்.

பெயர்கள் காட்டும் வழி

எழும்பூரில் இறங்கிக் கண் மருத்துவமனைக்குச் செல்லும் சாலைக்கு ருக்மணி லட்சுமிபதி சாலை என்று பெயர். முதியவர்கள் சிலர் மார்ஷல் சாலை என்ற பழம்பெயரையே இன்றும் சொல்கிறார்கள். 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர் ருக்மணி லட்சுமிபதி; பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சராகவும் விளங்கினார். நான் இதைச் சொன்னதும், "வேதாரண்யமா? நம்ம பக்கமாச்சே!" என்று சித்தி மகிழ்ந்தார். அன்றிலிருந்து அந்தச் சாலையின் பெயர் அவருக்கு மறக்கவில்லை. ஆனால், ஆட்டோ ஓட்டுநரிடம் சாலையின் பெயரைச் சொல்வதைக் காட்டிலும் "கண் ஆஸ்பத்திரி" என்று சொல்வதே விரைவில் பயன் தந்தது.

நம் நகரங்களில் மக்கள் வழி சொல்வது பெரும்பாலும் இவ்வாறுதான். அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்கிறார்கள். தாமஸ் பாரியின் வணிக நிறுவனம் நின்ற இடம் பாரிமுனை ஆயிற்று. குரோம் தோல் தொழிற்சாலை இருந்த ஊர் குரோம்பேட்டை ஆயிற்று. மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹொசேயிலும் இதே வழக்கம் நிலவுகிறது. அங்கே முகவரி கேட்டால் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொல்வது அரிது. தேவாலயத்திலிருந்து தெற்கே 200 மீட்டர், அங்கிருந்து கிழக்கே 50 மீட்டர் என்று சொல்வார்கள். அந்நகரை ஒட்டிய சான் பெத்ரோவில் அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பெருமரம் இருந்தது. மரம் மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், 'பழைய அத்திமரத்திலிருந்து' என்றே மக்கள் தொலைவைக் கணக்கிட்டார்கள். அந்த மரத்தைக் கண்டிராத வெளியூர்ப் பயணி என்ன செய்வார்? ஒருவரை அணுகிக் கேட்பார். இத்தகைய ஊர்களில் வரைபடத்தைவிட மனிதர்களே முதன்மையான வழிகாட்டிகள். வாய் திறந்து கேட்கத் தெரிந்தவருக்கு வழி உண்டு. சித்திக்குக் கேட்கத் தெரியும். அவருடைய பயணத்தின் மூலதனம் அதுவே என்று எனக்கு நம்பிக்கை பிறந்தது.

நாங்கள் சென்ற மருத்துவமனைக்கும் நீண்ட வரலாறு உண்டு. அது 1819ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இலண்டனில் 1805இல் தோன்றிய மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்குப் பின், உலகின் மிகப் பழைமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்வை மங்கியவர்கள் இந்த நகரத்தின் தெருக்களில் தடவித் தடவி அந்த மருத்துவமனையை வந்தடைந்திருக்கிறார்கள். மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டியிலும் அவர்கள் வந்திருப்பார்கள். அந்த நெடிய வரிசையில் சித்தியும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலால் படிக்கும் எழுத்து

திரும்பும்போது மெட்ரோவில் வருவோம் என்றேன். சென்னையில் மெட்ரோ தொடர்வண்டி 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஏறினால் மாறாமல் பரங்கிமலை வரை வரலாம். ஆனால், அது கோயம்பேடு வழியாக வளைந்து வரும். மின்தொடர்வண்டியைவிடக் கட்டணம் பல மடங்கு மிகுதி. ஆயினும், மின்தூக்கி உண்டு. அடுத்த நிலையத்தின் பெயரை வண்டிக்குள் ஒலிபெருக்கி தமிழில் சொல்லும்.

நிலையத்தின் தரையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. சித்தியின் செருப்புக்கு அடியில் அவை தட்டுப்பட்டன. "இது என்ன, தம்பி? கோலம் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அது பார்வையற்றவர்களுக்கான பாதை. 1965ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டைச் சேர்ந்த செய்ச்சி மியாகே உருவாக்கிய முறை; 1967இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகச் சாலையில் பதிக்கப்பட்டது. நீண்ட கோடுகள் இருந்தால் தொடர்ந்து நடக்கலாம். வட்டப் புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும், முன்னே படியோ திருப்பமோ இருக்கிறது என்று பொருள். நான் விளக்கியதும் சித்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலால் அந்தக் கோட்டின்மேல் நடந்தார். புள்ளிகள் வந்ததும் நின்றார். மீண்டும் கோடு தொடங்கும் இடத்தைக் காலால் தேடிக் கண்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், அறுபது வயதுக்குமேல் ஒரு புதிய எழுத்தைச் சில நிமிடங்களில் கற்றுக்கொண்டார்.

அந்த எழுத்து பரங்கிமலை நிலையத்தின் வாயிலோடு முடிந்துவிட்டது. அதற்கு வெளியே நடைபாதையில் இருசக்கர வண்டிகள் நின்றன. பழக்கடை ஒன்று இருந்தது. சாலையைக் கடக்க எவருடைய கையையேனும் பிடிக்க வேண்டியிருந்தது. நிலையத்துக்குள் கிடைத்த தன்னுரிமை தெருவுக்கு வந்ததும் நழுவிப் போயிற்று.

பார்வை இருக்கும்போதே

இரண்டாம் முறை வந்தபோது சித்தி ஒரு விருப்பத்தைத் தெரிவித்தார். சீர்காழிக்கு அண்மையிலுள்ள திருவெண்காட்டில் கிடைத்த செப்புத் திருமேனி ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறதாமே, அதைப் பார்க்க வேண்டும் என்றார். எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கண் மருத்துவமனையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. ஆகவே, நாங்கள் வியாழக்கிழமையைத் தேர்ந்துகொண்டோம்.

செப்புத் திருமேனிக் கூடத்தில் அந்த அம்மையப்பர் நின்றிருந்தார். பதினொன்றாம் நூற்றாண்டுச் சோழர் காலப் படைப்பு. ஒருபாதி சிவன், ஒருபாதி உமை. நான் ஒரே பார்வையில் உருவம் முழுவதையும் கண்டுவிட்டு அடுத்ததை நோக்கிச் சென்றேன். திரும்பிப் பார்த்தபோது சித்தி அங்கேயே நின்றிருந்தார். அவர் பார்வை வட்டத்துக்குள் உருவம் முழுவதும் அடங்கவில்லை. முடியில் தொடங்கி, முகம், தோள், ஒருபக்கத்து இரண்டு கைகள், மறுபக்கத்து ஒற்றைக் கை, இடை, பாதம் எனப் பகுதி பகுதியாகக் கண்களை இறக்கிக்கொண்டு வந்தார். பின்னர் பாதத்திலிருந்து முடிக்கு ஏறினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"நம்ம ஊர்ச் சாமியைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கேன். அவரும் என்னை மாதிரி ஊரை விட்டு வந்துதான் இங்கே இருக்காரு" என்றார்.

அன்று வீடு திரும்பும்வரை அவர் மிகுதியாகப் பேசவில்லை. தலைநகரத்தில் நமக்குரியவை பல இருக்கின்றன. அவற்றைச் சென்றடையும் வழி இருக்கும்போதுதான் அவை நமக்குரியவை ஆகின்றன என்று எனக்குத் தோன்றியது.

தனி வழி

மூன்றாம் முறை சித்தி தனியே செல்லப் போவதாக அறிவித்தார். வீட்டில் அனைவரும் மறுத்தோம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னும் எத்தனை வருஷம் எனக்குக் கண்ணு தெரியும்னு டாக்டருக்கே தெரியாது. தெரியுறப்போ பழகினாத்தானே, தெரியாதப்போ போக முடியும்?" அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. கைப்பேசியையும் மருத்துவச் சீட்டையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்.

பத்து மணியளவில், சேர்ந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். பிற்பகலில் வீடு திரும்பிய பிறகே நடந்ததை விரிவாகக் கூறினார். வண்டி ஏழாவது முறையாக நின்றிருக்கிறது. கணக்குப்படி அது எழும்பூர். சித்தி எழுந்து வாயிலை நோக்கி நடந்திருக்கிறார். ஆனால், மாம்பலத்தில் கேட்டது போன்ற இறங்குவோரின் அரவம் இல்லை. நடைமேடைக் கடைக்காரர்களின் குரலும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, "எழும்பூரா இது?" என்று உரக்கக் கேட்டிருக்கிறார். "இல்லைங்கம்மா, சிக்னலுக்கு நிக்குது. கீழே நடைமேடை இல்லை. உட்காருங்க" என்று கல்லூரி மாணவி ஒருத்தி அவர் கையைப் பற்றி அமர்த்தியிருக்கிறாள். எழும்பூர் வந்ததும் அவளே இறக்கி விட்டிருக்கிறாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு படபடத்தது. கதவில்லாத வாயில், கீழே சரளைக் கல். ஓர் அடி எடுத்து வைத்திருந்தால்? சித்தியின் முகத்தில் அச்சம் இல்லை. "எண்ணிக்கை ஏமாத்தும்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே எண்ணுவேன், கேக்கவும் செய்வேன்" என்றார். அவருக்கு அது ஒரு பாடம். எனக்கு வேறொரு பாடம். ஒரு குரல் கேட்கும் இடத்தில் ஒரு குரல் மறுமொழி சொன்னது. ஒருவருடைய உயிர் அந்தச் சிறு உரையாடலில் தங்கியிருந்தது. காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு, கைப்பேசித் திரையில் கண்ணைப் பதித்து அமர்ந்திருக்கும் நாம் அனைவரும் அந்தக் கேள்வி எழும்போது கேட்கக் கூடியவர்களாக இருக்கிறோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன்பின் சித்தி பலமுறை தனியே சென்று வந்துவிட்டார். அவருடைய கண்ணழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பார்வை மேலும் குறையவில்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சாலையில் எழும் தூண்களை அண்ணாந்து நோக்கி, இங்கே நிலையம் வந்தால் அதில் மின்தூக்கி இருக்குமா, மஞ்சள் கோடு இருக்குமா, அந்தக் கோடு வாயிலோடு நின்றுவிடாமல் தெரு வரை வருமா என்று கேட்கிறார்.

ஒரு தலைநகரத்தை மதிப்பிட அதன் கட்டடங்களின் உயரத்தையும் சாலைகளின் அகலத்தையும் எண்ணிச் சொல்வது வழக்கம். நேற்று இரவு வண்டியேறி இன்று விடியலில் வந்திறங்கிய ஒருவர், மங்கிய கண்களோடும் நடுங்கும் கால்களோடும் இருந்தாலும், தம் வேலையைத் தாமே முடித்துக்கொண்டு பொழுது சாயுமுன் திரும்ப முடிகிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் ஓர் அளவைதான். லாம்டனின் சங்கிலியைப் போல அதையும் பொறுமையாக, அடி அடியாக, ஒவ்வொரு தெருவிலும் கிடத்தித்தான் அளக்க வேண்டும். அடுத்த மாதம் சித்தி மீண்டும் வருகிறார். மளிகைக் கடையிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரை இப்போது எத்தனை அடிகள் என்று எண்ணிச் சொல்லும்படி என்னைப் பணித்திருக்கிறார்.